காப்பீட்டு அட்டை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கென்று ஒதுக்கிய பணத்தில் நகையை மீட்கலாமா?

கேள்வி: ஈரோடு பக்கம் விசைத்தறியில் கூலிக்கு நெய்கிறேன். மாதம் ₹9,500 வருகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக மனைவியின் நான்கு பவுன் சங்கிலியைத் தனியார் ஃபைனான்ஸில் ₹1,20,000-க்கு அடகு வைத்தோம். ஒன்றரை வட்டி. அப்பா பிழைக்கவில்லை. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே இருக்கிறோம். ஊரில் இருந்த துண்டு நிலத்தை விற்றதில் என் பங்காக வந்த ₹1,80,000 வங்கிச் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. போன மாதம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை கிடைத்தது. ‘ஐந்து லட்சம் வரைக்கும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், நகையைத் திருப்பிவிடலாம்’ என்கிறேன் நான். மனைவி ஒப்பவில்லை. அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ராத்திரி அம்மா இருமினாலே இவள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். கையில் காசில்லாமல் மறுபடி ஆஸ்பத்திரி வாசலில் நிற்க முடியாது என்கிறாள். அம்மா எங்களோடுதான் இருக்கிறார். ரேஷன் கார்டில் மட்டும் பெயர் தம்பி குடும்பத்தோடு இருக்கிறது. வருஷத்துக்கு ₹24,000 கட்டினால் தனியார் பாலிசி போட்டுத் தருகிறேன் என்று முகவர் ஒருவர் வேறு வருகிறார். என்ன செய்யலாம்?

பதில்: நகையை மீட்கலாம். ஆனால் இந்த வாரம் வேண்டாம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: அம்மாவின் பெயர் தம்பியின் ரேஷன் கார்டில் இருக்கிறது. காப்பீட்டு அட்டையில் யார் யார் குடும்பம் என்பது ரேஷன் கார்டை வைத்துத்தான் முடிவாகிறது. கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லோரும் அதற்குள் வருவார்கள். பெயர் அந்தக் கார்டில் இருந்தால் மட்டும். ஆக, உங்கள் வீட்டில் யாருக்கு ஆஸ்பத்திரி தேவைப்படும் என்று பயப்படுகிறீர்களோ, அவருக்கு உங்கள் அட்டையில் இடமில்லை. மனைவியின் பயத்தைக் குறை சொல்லுமுன் இதைச் சரி செய்யுங்கள்.

முதலில் தம்பி வீட்டில் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கிறார்களா, அதில் அம்மா பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அம்மாவுக்கு இன்றைக்கே பாதுகாப்பு உண்டு. அந்த அட்டையின் நகல் ஒன்றும் தம்பியின் ரேஷன் கார்டு நகல் ஒன்றும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். தம்பி குடும்பத்தின் ஆண்டு வருமானம் திட்டத்தின் வரம்பான ₹1,20,000-ஐத் தாண்டுவதால் அட்டையே எடுக்கவில்லை என்றால், அம்மாவின் பெயரை உங்கள் ரேஷன் கார்டுக்கு மாற்றியாக வேண்டும். இ-சேவை மையத்திலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ தம்பி கார்டில் பெயர் நீக்க விண்ணப்பம், பிறகு உங்கள் கார்டில் சேர்க்க விண்ணப்பம். இரண்டும் முடிந்த பிறகு புது ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆதாரில் ஒரு எழுத்தும் ரேஷன் கார்டில் வேறு எழுத்துமாகப் பெயர் இருந்தால் அதையும் இப்போதே திருத்துங்கள். நோயாளி ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது இனிஷியல் தகராறு பார்க்கிற கொடுமை வேண்டாம்.

இந்த வேலை முடிய ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அதுவரை நகைக்கு மாதம் ₹1,800 வட்டி போகும். போகட்டும்.

இனி, நீங்கள் சொல்வது சரியா, மனைவி சொல்வது சரியா என்ற கேள்வி. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2008-ல் அரசுக் காப்பீட்டில் ஏழைகளைச் சேர்க்க இடம் கொஞ்சம்தான் இருந்தது. சுமார் 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். குலுக்கல் போட்டு ஏறக்குறைய 30,000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கலில் வந்தவர், வராதவர் இரு சாராரையும் ஏமி ஃபிங்கல்ஸ்டீன், கேத்ரின் பைக்கர் முதலிய ஆய்வாளர்கள் இரண்டு வருஷம் தொடர்ந்து ஒப்பிட்டார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஆனால் காப்பீடு கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. வருமானத்தில் முப்பது சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்கே போகிற நிலை அநேகமாக இல்லாமலே போனது. உடம்பு அளவுகள் அப்படியே இருக்க, மனசு தேறியிருக்கிறது. ‘நாளைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது’ என்ற எண்ணம் இறங்கியதற்கு அதில் பெரிய பங்கு இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அந்த வகையில் நீங்கள் சொல்வது சரி.

இன்னொரு ஆய்வு பக்கத்திலேயே, கர்நாடகக் கிராமங்களில் நடந்தது. அங்கே பரிசோதித்தது அப்போதிருந்த தேசிய ஆஸ்பத்திரிக் காப்பீட்டை. இலவசமாகக் கொடுத்தபோது நூற்றில் 79 குடும்பங்கள் சேர்ந்தன. ஆனால் பயன்படுத்தப் போனவர்களில் பலரால் பயன்படுத்த முடியவில்லை. உடல்நலத்திலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. ஊரில் நிறையப் பேர் அட்டை வைத்திருந்த இடங்களில் பயன்பாடு கூடுதலாக இருந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஆக, உங்கள் மனைவி சொல்வதும் சரி. அட்டை பீரோவில் இருந்தால் மட்டும் தூக்கம் வந்துவிடாது. அதை எந்தக் கவுண்டரில் நீட்ட வேண்டும் என்று தெரிந்தால் வரலாம்.

அதனால் ஒன்று செய்யுங்கள். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் ஆகுமுன், வேலை நாள் ஒன்றில், மனைவியே அட்டையோடு ஒரு அரசு மருத்துவமனைக்கும், அவசரத்தில் நீங்கள் ஓடக்கூடிய ஒரு தனியார் மருத்துவமனைக்கும் போய் வரட்டும். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது வேலைக்கு ஆகாது, பயம் அவருக்குத்தான். ரிசப்ஷனில் கேட்க வேண்டாம், பில் கட்டும் இடத்தில் கேட்கவே வேண்டாம். ‘காப்பீட்டுத் திட்டம்’ என்று பலகை வைத்த தனி மேசை இருக்கும். அங்கே இருப்பவரிடம் கேட்க வேண்டியவை: இங்கே எந்தெந்தப் பிரிவுகளுக்கு அட்டை செல்லும்? (தனியார் மருத்துவமனை திட்டத்தில் இருந்தாலே எல்லா நோய்க்கும் அட்டை செல்லும் என்று அர்த்தமில்லை. எலும்புக்கு உண்டு, இதயத்துக்கு இல்லை என்றெல்லாம் இருக்கும்.) ராத்திரியில் வந்தால் யாரைப் பார்ப்பது? சேர்க்கும்போது முன்பணம் கேட்பீர்களா?

மூன்றாவது கேள்விக்கு ‘முதலில் கட்டுங்கள், அனுமதி வந்ததும் திருப்பித் தருவோம்’ என்று பதில் வந்தால் அந்த மருத்துவமனையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். திட்டத்தில் அனுமதியான சிகிச்சைக்குப் படுக்கை, மருத்துவர், அறுவை அரங்கு, மருந்து, பரிசோதனை, நோயாளியின் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. அது காப்பீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நேரே போகிறது. ‘நல்ல ஸ்டென்ட் வேண்டுமென்றால் மேலே கொஞ்சம் போடுங்கள்’ என்பதும் இதே வகைதான். யாராவது கேட்டால் அங்கே நின்றபடியே 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்கு அழையுங்கள். அந்த எண்ணை மனைவியின் போனில் பதிந்து வையுங்கள்.

இனி அட்டை தராததைப் பார்ப்போம். சேர்க்காமல் பார்க்கிற வைத்தியம், மாதா மாதம் மாத்திரை, கூட இருப்பவரின் சாப்பாடு, பஸ், ஆட்டோ, தறி ஓடாத நாட்களின் கூலி. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தால் உங்கள் கூலி இழப்பு மட்டும் ₹3,600-க்கு மேல். துணைக்கு இருப்பவரின் செலவு, வீடு வந்த பின் மருந்து எல்லாம் சேர்த்தால், அட்டை முழுதாக வேலை செய்தாலும் ₹10,000 முதல் ₹15,000 வரை கையை விட்டுப் போகும். அப்படி ஒரு வருஷத்தில் இரண்டு முறை வந்தாலும் தாங்குகிற அளவுக்குக் கையிருப்பு வேண்டும். ₹1,80,000 தேவையில்லை.

இப்போதைய கணக்கைப் பாருங்கள். நகைக்கு வருஷ வட்டி ₹21,600. உங்கள் இரண்டேகால் மாத உழைப்பு. சேமிப்புக் கணக்கில் இரண்டரை சதவீத வட்டி என்று வைத்தால் ₹1,80,000-க்கு வருஷம் ₹4,500 வரும். ₹1,20,000-ஐ எடுத்து நகையை மீட்டால் இழக்கிற வங்கி வட்டி ₹3,000, மிச்சமாகிற அடகு வட்டி ₹21,600. பயத்துக்காக வருஷத்துக்கு ₹18,600 கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மனைவிக்கு இதைச் சொல்லும்போது, ‘பணம் போகிறது’ என்று ஆரம்பிக்காதீர்கள். பணம் சங்கிலியாக மாறி வீட்டுக்கு வருகிறது. நாளைக்கே பெரிய செலவு வந்தால் அதே சங்கிலியை அரசு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரு மணி நேரத்தில் வைக்கலாம். ஒன்றரை வட்டிக்கு மிகக் கீழே, பெரும்பாலும் வருஷத்துக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி. அன்று நான்கு பவுனுக்கு ₹1,20,000 கொடுத்தார்கள்; தங்கம் ஏறிய ஏற்றத்தில் இன்று தாராளமாக அதற்கு மேல் கிடைக்கும். மீட்ட சங்கிலிதான் உங்கள் பெரிய அவசர நிதி. பெண்கள் நகையை விற்க விடாமல் பிடித்துக்கொள்வதில் உள்ள புத்தி இதுதான், அதை ‘சென்டிமென்ட்’ என்று ஆண்கள் தள்ளிவிடுகிறோம்.

மீட்கப் போகும்போது அசலும் அன்றைய தேதி வரைக்குமான வட்டியும் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வாங்கும்போதே எடை போட்டுப் பாருங்கள். அடகுச் சீட்டில் உள்ள எடையோடு ஒத்துப்போக வேண்டும். ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட விதிப்படி, முழுத் தொகையும் கட்டிய பிறகு நகையை அதிகபட்சம் ஏழு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு ₹5,000 இழப்பீடு. எல்லா வங்கியும் ஃபைனான்ஸ் நிறுவனமும் இதற்கு மாற 2026 ஏப்ரல் 1 கடைசித் தேதி. தெருமுனை அடகுக் கடைக்கு இந்த விதி செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மீட்ட பிறகு ₹58,000 போல மிஞ்சும். ஆறு மாத வருமானம். அதில் ₹20,000 சேமிப்புக் கணக்கில், ஏ.டி.எம். கார்டு மனைவி கையில். மீதியை ஒரே டெபாசிட்டாகப் போடாமல் ₹12,000, ₹13,000, ₹13,000 என்று மூன்று வங்கி டெபாசிட்டுகளாகப் போடுங்கள். ஒன்றை உடைத்தாலும் மற்ற இரண்டும் வட்டியோடு நிற்கும். இதுவரை கட்டிவந்த ₹1,800-ஐ மாதா மாதம் வங்கி ஆர்.டி.யில் கட்டுங்கள். அஞ்சலக ஆர்.டி. நல்லதுதான், ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் முடிக்க முடியாது. இந்தப் பணத்துக்கு அது ஒத்துவராது.

அம்மாவின் மாத்திரைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பல வீடுகளில் ஆஸ்பத்திரி பில்லைவிட இதுதான் மெதுவாகக் கரைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கடைசிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள். தனியாரில் ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து இருந்திருந்தால் இங்கே அது இரண்டு மாத்திரையாகப் பிரிந்து வரலாம். ‘கவர்மென்ட் மாத்திரை கேட்காது’ என்று பலர் விட்டுவிடுவது இந்தக் குழப்பத்தில்தான். எது எதற்குப் பதில் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முகவர் சொல்லும் பாலிசி இப்போது வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று அவர் சொன்னால் அது நிஜம். ஆனால் அம்மாவுக்கு ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷர் தொடர்பான சிகிச்சைக்கு அந்தப் பாலிசியில் மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அரசு அட்டைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. வருஷத்தில் இரண்டரை மாதக் கூலியைக் கட்டி, தேவைப்படும் நோய்க்கு மூன்று வருஷம் காத்திருப்பது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. குடும்ப வருமானம் ₹1,20,000-ஐத் தாண்டும் நிலை வரும்போது இந்தப் பேச்சை மறுபடி எடுக்கலாம். வரம்பைத் தாண்டக் கூடாது என்று வருமானத்தைக் குறைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம்.

அம்மா பெயர் சேர்ந்து, நகை வீட்டுக்கு வந்த பிறகும் மனைவிக்குத் தூக்கம் திரும்பவில்லை என்றால் அதைப் பணக் கவலை என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, கட்டணமில்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, உங்கள் வீட்டில் சம்பாதிப்பவர் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்கு ஏதாவது ஆனால் என்ன என்று யாருமே கேட்கவில்லை. சேமிப்புக் கணக்கு உள்ள வங்கியிலேயே, வயது ஐம்பதுக்குள் இருந்தால், வருஷம் ₹436-க்கு ₹2 லட்சம் ஆயுள் காப்பீடும், ₹20-க்கு ₹2 லட்சம் விபத்துக் காப்பீடும் போடுங்கள். எழுபது வயது வரை விபத்துக் காப்பீடு உண்டு, அம்மாவின் கணக்கிலும் போடலாம். ஜூன் 1-ல் ஆண்டு தொடங்குகிறது. மே கடைசி வாரத்தில் உங்கள் கணக்கில் ₹456 இல்லையென்றால் இரண்டும் அறுந்துபோகும்.