66 சதவீதம்தான் உங்கள் வழக்கு, 450 கிலோமீட்டர் அல்ல

கேள்வி: 2023 ஆகஸ்டில் எங்கள் பனியன் கம்பெனி பெயரில் சிறிய எலெக்ட்ரிக் கிராஸ்ஓவர் கார் ஒன்று வாங்கினேன். நானும் மச்சானும் பங்குதாரர்கள். ஆன்ரோடு 19.6 லட்சம். பக்கத்து ஷோரூமில் ஹைபிரிட் காருக்கு முன்பணம் கட்டியிருந்தேன், "ஒரு சார்ஜுக்கு 450 கி.மீ. போகும், பங்க் பக்கமே போக வேண்டாம்" என்று சொல்லி அதை ரத்து செய்ய வைத்தார் விற்பனையாளர். முதல் மாதமே 290-க்கு மேல் ஓடவில்லை. இப்போது 58,000 கி.மீ. ஆகிவிட்டது, 190 ஓடினால் பெரிது. 20 சதவீதம் காட்டும்போதே ஆமைப் படம் வந்து வண்டி இழுக்காமல் போகிறது. 2025 செப்டம்பரில் சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டில் பேட்டரி ஆரோக்கியம் 66% என்று எழுதிக் கொடுத்தார்கள். வாரண்டி புத்தகத்தில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்று இருக்கிறது. ஆனால் செப்டம்பர் 18-ந் தேதி மின்னஞ்சலில் மறுத்துவிட்டார்கள். இரண்டு சர்வீஸ் விட்டுவிட்டேனாம், வெளியில் வாங்கிய சார்ஜரைப் பயன்படுத்தினேனாம். நேரில் போனால் மேலாளர் அவமரியாதையாகப் பேசினார். பிறகு இறங்கிவந்து, இரண்டு மாட்யூல் (பேட்டரிக்குள் இருக்கும் செல் தொகுதி) இலவசமாக மாற்றுகிறோம், லேபர் 42,000 கட்டுங்கள், "முழுமையான இறுதித் தீர்வு" என்று கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். ஹைபிரிட்டே வாங்கியிருந்தால் இந்தத் தலைவலி இல்லை என்று மச்சான் சொல்லிக் காட்டுகிறார். எனக்குப் புது வண்டியோ முழுப் பணமோ வேண்டும், மன உளைச்சலுக்கு 10 லட்சம் வேண்டும், மோசடி வழக்கும் போட வேண்டும். கோவையில் ஒரு மெக்கானிக் பேட்டரியைப் பிரித்து எந்த செல் போயிருக்கிறது என்று எழுதித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: செய்ய வேண்டாம். மெக்கானிக்கிடம் வண்டியை விடுவதாக இருந்தால் இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டியதே இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் 450-ஐ விடுங்கள். அது சோதனைக் கூடத்தில் உருளையின் மேல், ஏசி போடாமல், 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி எடுக்கும் எண். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. "முதல் மாதமே 290-க்கு மேல் ஓடவில்லை" என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியானால் அந்தக் குறைக்கு "வழக்கு மூலம்", அதாவது வழக்குப் போடும் உரிமை பிறக்கும் காரணம், 2023 செப்டம்பரிலேயே எழுந்துவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69 தரும் இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம், ஆனால் காரணம் என்ன எழுதுவீர்கள்? ஷோரூமுடன் பேசிக்கொண்டிருந்தேன் என்பது காரணமாகாது. கடிதப் போக்குவரத்து காலவரம்பை நீட்டாது.

மேலாளர் பேசியது, மச்சான் சொல்லிக் காட்டுவது எதற்கும் வழக்கில் இடமில்லை. ஹைபிரிட் வாங்கியிருந்தால் இந்தத் தலைவலி இருக்காது என்பதும் பாதிதான் உண்மை. வெளிநாட்டில் முதல் தலைமுறை ஹூண்டாய் கோனா ஒரே உடம்பில் இரண்டு விதமாகவும் விற்றது. அதன் ஹைபிரிட்டில் பேட்டரி 1.56 யூனிட், எலெக்ட்ரிக்கில் 39.2 அல்லது 64. ஒன்றரை யூனிட் பேட்டரி தேய்ந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையும், யாரும் கவனிக்க மாட்டார்கள். நாற்பது யூனிட் தேய்ந்தால் நடுவழியில் நிற்பீர்கள். அதற்காகத்தான் தனி வாரண்டி கொடுக்கிறார்கள். உங்கள் வழக்கு அந்த வாரண்டி மட்டுமே.

புத்தகத்தில் 70, ஜாப் கார்டில் 66, செப்டம்பர் 18 மறுப்பு. இந்த மூன்று தாள் போதும். மறுப்பு வந்த அன்று புதிதாக ஒரு வழக்கு மூலம் பிறந்திருக்கிறது. 2027 செப்டம்பர் 17 வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. அவர்கள் சொல்லும் இரண்டு காரணங்களும் நோஞ்சான். விட்டுப்போன சர்வீஸில் என்ன செய்திருப்பார்கள்? ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில், டயர் சுழற்றல். இவற்றுக்கும் செல் தேய்வதற்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேளுங்கள். சார்ஜர் விஷயம் இன்னும் பலவீனம். வீட்டுச் சுவரில் மாட்டுவது உண்மையில் சார்ஜரே இல்லை, பாதுகாப்புள்ள ஒரு ஸ்விட்ச்தான். ஏசி மின்சாரத்தை டிசி ஆக்கி பேட்டரிக்கு எவ்வளவு போக வேண்டும் என்று தீர்மானிப்பது வண்டிக்குள் அவர்களே பொருத்திய கருவி. வெளியில் வாங்கிய பெட்டி செல்லைக் கெடுத்தது என்று சொல்பவர் அதை நிரூபிக்கட்டும். ஒன்று மட்டும் நீங்களே நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: நெடுஞ்சாலை டிசி வேக சார்ஜரை எத்தனை முறை பயன்படுத்தினீர்கள்? அந்தக் கணக்கு வண்டியின் கணினியிலேயே இருக்கும். அதை எதிர்தரப்பு நுகர்வோர் ஆணையத்தில் எடுத்துவைப்பதற்கு முன்னால் நீங்கள் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

இனி, இப்படிப்பட்டவர்கள் வழக்கமாக விழும் குழிகள்.

முதல் குழி மென்பொருள் அப்டேட். 66 என்பது எடைக்கல்லில் நிறுத்த எண் அல்ல; பேட்டரி மேலாண்மைக் கணினி போடும் மதிப்பீடு. வெப்பநிலை, கடைசியாக எப்போது 100 வரை ஏற்றினீர்கள் என்பதெல்லாம் அதை நகர்த்தும். "ஒரு அப்டேட் போட்டுப் பார்ப்போம் சார்" என்று வண்டியை வாங்கி, மாலையில் 72 என்று காட்டினால் உங்கள் வாரண்டி உரிமை அன்றே போய்விடும். 190 கி.மீ. அப்படியேதான் இருக்கும், எண் மட்டும் மாறியிருக்கும். அதனால் இனி வண்டி உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் அப்டேட்டுக்கு முன்னால் ஸ்கேன் அறிக்கை அச்சில் வேண்டும். ஆரோக்கிய சதவீதம், மிக உயர்ந்த செல்லின் வோல்டேஜ், மிகத் தாழ்ந்த செல்லின் வோல்டேஜ், ஓடோமீட்டர், தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஜாப் கார்டின் கீழே "வாடிக்கையாளர் திருப்தி" என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மேலேயே பேனாவால் "குறை தீரவில்லை" என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.

அவர்கள் எண்ணை மட்டும் நம்பியிருக்காமல் உங்கள் கையில் ஒரு எண் இருக்கட்டும். பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 40 யூனிட் உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் காட்டும்போது வீட்டில் மெதுவாக ஏற்றத் தொடங்கி 100 வரை விடுங்கள். நல்ல பேட்டரிக்கு 36 யூனிட் உள்ளே போகும், வழியில் வீணாவதையும் சேர்த்து மீட்டரில் 40 வாக்கில் காட்டும். 66 சதவீதப் பேட்டரி ஏறக்குறைய 26, 27-லேயே நிரம்பிவிடும். மூன்று முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் மீட்டரையும் வண்டியின் திரையையும் ஒரே படத்தில் எடுங்கள். கைபேசிப் படங்களையும் வாட்ஸ்அப் உரையாடலையும் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-இன் கீழ் சான்றும் வைத்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தில் அவ்வளவு கறார் காட்டாதுதான், ஆனால் மேல்முறையீட்டில் அந்தத் துளையை எதிர்தரப்பு பெரிதாக்கும்.

இரண்டாவது குழி அந்தக் கோவை மெக்கானிக். பேட்டரிப் பெட்டி தண்ணீர் புகாதபடி சீல் வைத்தது. மூடியை ஒருமுறை திறந்தால் வாரண்டி போவது ஒருபுறம் இருக்கட்டும், உங்கள் சாட்சியே போய்விடும். பார்த்ததும் தெரியாத குறையாக இருந்தால் பிரிவு 38(2)(சி)-இன்படி ஆணையம் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும், கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஏற்கெனவே திறந்த பெட்டியை ஆய்வுக்கு அனுப்பினால் "வெளியாள் கை வைத்ததால் ஈரம் ஏறியது" என்ற ஒரு வரி போதும், வழக்கு முடிந்தது. உங்கள் மெக்கானிக் கெட்டிக்காரராகவே இருக்கட்டும், அவர் தாள் ஆய்வக அறிக்கை ஆகாது. மனுவோடேயே நிபுணர் ஆய்வு கோரும் இடைக்கால மனுவையும் சேர்த்துப் போடுங்கள். ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையமோ அரசுப் பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறையோ என்று நீங்களே பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள். வழக்கு நடக்கும்போது வண்டியை விற்றுவிட்டு வந்து நிற்காதீர்கள். பொருள் இல்லாமல் குறை இல்லை.

மூன்றாவது, புது வண்டி கேட்பது. 2006-இல் மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது சுருக்கமானது: பழுதான பாகத்தை மாற்றித் தருவேன் என்பதுதான் வாரண்டி என்றால் முழு வண்டியை மாற்றச் சொல்ல முடியாது. உங்கள் புத்தகமும் அதையேதான் சொல்கிறது. 58,000 கி.மீ. ஓட்டிவிட்டு முழுப் பணம் கேட்கும் மனுவைப் பார்த்ததும் ஆணையத்துக்கு உங்கள் மேல் இருக்கும் அனுதாபம் குறையும். கோரிக்கையை இப்படி வரிசைப்படுத்துங்கள்: முதலில் பேட்டரி முழுத் தொகுப்பும் மாற்றம், அது இல்லையென்றால் பழுதான மாட்யூல்கள் மாற்றமும் மீதிக் காலத்துக்கு எழுத்துப்பூர்வ வாரண்டியும், அதுவும் இல்லையென்றால் பேட்டரி விலையில் ஒரு பங்கு. உளைச்சலுக்கு 10 லட்சம் என்று எழுதிவைப்பது மனுவை நகைப்புக்கு இடமாக்கும்.

தயாரிப்பாளர், டீலர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். டீலரை மட்டும் சேர்த்தால் வாரண்டி கொடுத்தவர் வெளியே நிற்பார். விற்பனையாளர் வாயால் சொன்னதை வைத்துத் தயாரிப்பாளரைப் பிடிக்கப் பார்த்தால், 2021-இல் அன்டோனியோ பாலோ வாஸ் வழக்கில் டீலரின் தவறுக்குத் தயாரிப்பாளர் தானாகப் பொறுப்பாக மாட்டார் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுவார்கள். புத்தகத்தில் அச்சானதை வைத்தே பிடியுங்கள்.

நான்காவது குழி உங்களுக்கென்றே வெட்டியது: ஆர்.சி. கம்பெனி பெயரில் இருக்கிறது. எதிருரையின் முதல் பத்தியிலேயே "வணிக நோக்கம், மனுதாரர் நுகர்வோர் அல்லர்" என்று எழுதுவார்கள். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தயாராக இருக்க வேண்டும். கம்பெனி பெயரில் வாங்கிய காரை இயக்குநர் சொந்த உபயோகத்துக்கு ஓட்டினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று 2024 ஜூலையில் டைம்லர் கிரைஸ்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வணிக நோக்கம் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றும் அதே ஆண்டு மே மாதத்தில் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆனால் 25 மாதத்தில் 58,000 என்றால் மாதம் 2,300 கி.மீ. எங்கே போனது வண்டி? சரக்கு வாங்க வரும் பையரைக் கோவை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர, சாம்பிள் மூட்டை ஏற்ற என்று கணக்குப் புத்தகத்தில் எழுதியிருந்தால் உங்கள் ஆடிட்டரின் கையெழுத்தே உங்களுக்கு எதிரான சாட்சி. பொய்ப் பிரமாணம் போடச் சொல்லவில்லை. முதன்மைப் பயன்பாடு குடும்பம்தானா என்று ஆவணங்களைப் பார்த்துவிட்டு, பிறகு பேனாவை எடுங்கள். பங்குதாரர்கள் இருவரும் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் வேண்டும், ஆகவே மச்சானுடன் சண்டை வேண்டாம்.

மோசடிப் புகார் வேண்டவே வேண்டாம். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) போட்டு, "உரிமையியல் தகராறு" என்று எழுதி முடித்து வைப்பார்கள். அந்தத் தாளை எதிர்தரப்பு ஆணையத்தில் முதல் ஆவணமாக வைக்கும்.

இப்போது அவர்கள் நீட்டும் சமரசத்துக்கு வருவோம். வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தில் மூன்று மாதம், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று இருக்கிறது. நடப்பில் அது ஆண்டுக்கணக்கு. ஜெயித்தாலும் அவர்கள் பாதித் தொகையைக் கட்டி 45 நாளில் மாநில ஆணையத்துக்குப் போவார்கள். அதற்குள் வாரண்டி ஆண்டுகள் கரைந்துகொண்டிருக்கும். ஆனால் அவர்கள் நீட்டும் தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். அந்த "முழுமையான இறுதித் தீர்வு" என்ற சொற்றொடர்தான் 2031 ஆகஸ்ட் அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை இருக்கும் உங்கள் பேட்டரி வாரண்டியை விழுங்கப் போவது. "இந்த ஜாப் கார்டு எண்ணில் கண்ட குறைக்கு மட்டும்" என்று அதைக் குறுக்குங்கள். மறுப்பு மின்னஞ்சலைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாட்யூல் போகும்போது அதே சார்ஜர் கதையைச் சொல்வார்கள்.

தொழில்நுட்பத்திலும் ஒன்று கவனியுங்கள். பழைய மாட்யூல்களுக்கு நடுவே இரண்டு புதியதைச் செருகினால் தொகுப்பு பலவீனமான செல்லின் அளவுக்குத்தான் வேலை செய்யும். டெலிவரி அன்று நன்றாக இருப்பதுபோல் தெரியும், ஒரு மாதத்தில் சமநிலை குலையும். எனவே மாற்றிய மாட்யூல்களின் வரிசை எண்கள், டெலிவரி அன்று ஒரு ஸ்கேன் அறிக்கை, 30 நாள் கழித்து இன்னொரு அறிக்கை, அதிலும் 70-க்குக் கீழே இருந்தால் மீதி மாட்யூல்களும் இலவசம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். லேபர் 42,000-ஐத் தள்ளுபடி செய்ய மறுத்தால் அதற்காக ராஜியை உடைக்காதீர்கள். "உரிமைக்குப் பங்கமின்றிச் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டி ரசீது வாங்குங்கள்.

கையெழுத்துப் போட வேண்டியவர் டீலரின் சர்வீஸ் மேலாளர் அல்லர், தயாரிப்பாளரின் அதிகாரம் பெற்ற ஆள். முடியாது என்றால் குறைந்தது அவர்கள் அதிகாரப்பூர்வ முகவரியிலிருந்து "ஒப்புக்கொள்கிறோம்" என்று ஒரு மின்னஞ்சல் வரட்டும். இரண்டும் 30 நாளில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் உங்கள் மாவட்ட ஆணையத்தில் மனுவைப் பதிவு செய்யுங்கள். 10 முதல் 20 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்.