துப்பாக்கி தாத்தாவிடம், தோட்டா பாட்டியிடம்

கேள்வி: அம்மா, எனக்கு வயது 43. சொந்த ஊர் கும்பகோணம். இப்போது டெக்சாஸில், டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் ஐ.டி. வேலை. கிரீன் கார்டு வந்த பிறகு ஆபீஸ் நண்பர் ஒருவர் துப்பாக்கி சுட்டுப் பழகும் ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார், பிடித்துப்போயிற்று. இன்று சொந்தமாக ஒரு .22 ரைஃபிளும் ஒரு 9 எம்.எம். பிஸ்டலும் இருக்கின்றன. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போய்க் குறி அட்டையைச் சுட்டுவிட்டு வருவேன். வேட்டைக்கெல்லாம் போவதில்லை, நான் சைவம். பொங்கல் பாட்லக்கில் பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் மகளின் தோழியை அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை. வாட்ஸ்அப்பில் எனக்கு 'துப்பாக்கி பார்ட்டி' என்று பெயர். மனைவியோ "எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சண்டை போடத் தெம்பில்லை" என்கிறாள். ரைஃபிள் இரும்புப் பெட்டகத்தில் இருக்கிறது. பிஸ்டல் மட்டும் பாதுகாப்புக்காகத் தோட்டா போட்டுக் கட்டில் பக்க இழுப்பறையில். மகனுக்கு 15, மகளுக்கு 8. இருவருக்கும் அது இருக்கும் இடம் தெரியாது. அடுத்த மாதம் அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கப்போகிறார்கள். அவர்களிடம் மறைத்துவிடலாமா? அப்பா என்.சி.சி.யில் சுட்டவர், ரேஞ்சுக்கு அழைத்துப்போனால் சந்தோஷப்படுவார். ஆயுத பூஜையன்று ரைஃபிள் பெட்டிக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். மனைவி துடைத்துவிட்டாள். நான் செய்வதில் என்ன தப்பு?
— பெயர் வேண்டாம், ஃப்ரிஸ்கோ

பதில்: தம்பி, அந்தச் சந்தனப் பொட்டைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அரிவாள்மனைக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைத்து வளர்ந்த கை, பழக்கத்தில் போயிருக்கும். மனைவியின் கையும் அப்படித்தான் துடைக்கப் போயிருக்கும். வீட்டில் சேர்ந்துவிட்ட இந்தப் பொருளை எந்த வரிசையில் வைப்பது என்று உங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் வீட்டில் அது பிடிபட்டிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தில் தாத்தாவுக்குத் தோட்டம். பன்றி இறங்கும் இடம். லைசென்ஸ் வாங்கிய ரெட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று திண்ணையறைச் சுவரில், இரண்டு மர முளைகளின் மேல் கிடக்கும். தேர்தல் அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார், ஓட்டு எண்ணி முடிந்த பிறகு போய் வாங்கி வருவார். (ஓட்டு நேரத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது நம் ஊரில் இன்றும் உண்டு. உங்கள் டெக்சாஸ் நண்பரிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்.) நான் சொல்ல வந்தது வேறு. துப்பாக்கி தாத்தாவுடையது. தோட்டாக்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. சாவி அவள் இடுப்பில். ராத்திரி நாய் குரைத்தால் தாத்தா உள்ளே வந்து, "ஏ, ரெண்டு குடு" என்பார். பாட்டி எழுந்து உட்கார்ந்து, கொண்டையை முடிந்துகொண்டு, "பன்னிதானா? இல்ல, யாரு மேலயாவது கோவமா?" என்று கேட்பாள். அதற்குப் பிறகுதான் பெட்டி திறக்கும். எங்களுக்கு அது தினசரி வேடிக்கை. எவ்வளவு பெரிய ஏற்பாடு என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

அட்டையைச் சுடுவதில் என்ன தப்பு என்று கேட்கிறீர்கள். என் கணக்கில் ஒன்றும் இல்லை. அக்கா மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். ஒரு தடவை போயிருந்தபோது அவனோடு ரேஞ்சுக்குப் போனேன். நான் எதையும் தொடவில்லை, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன் (ஏன் தொடவில்லை என்பதற்கு அப்புறம் வருகிறேன்). காதுக்குள் ஒரு பஞ்சு அடைப்பான், அதற்கு மேல் ஹெட்ஃபோன் மாதிரி ஒரு மூடி. அப்படியும் ஒவ்வொரு வெடிக்கும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. சின்னத் துப்பாக்கி என்று நீங்கள் நினைக்கிற .22 கூட 140 டெசிபல் பக்கம் போகும், வெறும் காதோடு கேட்டால் செவி கெடும். கொஞ்ச நேரத்தில் "ரேஞ்ச் கோல்ட்" என்று மேற்பார்வையாளர் கத்தினார், சுடுவதை நிறுத்து என்று அர்த்தம். பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி செய்தார்கள். தோட்டாப் பெட்டியைக் கழற்றினார்கள், துப்பாக்கியில் தோட்டா நுழையும் அறையைத் திறந்து, காலி என்று காட்ட ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் குச்சி ஒன்றைச் செருகினார்கள், துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அட்டை மாற்றப் போனவர்கள் திரும்பி வரும்வரை ஒரு கை மேசைப் பக்கம் போகவில்லை. அறுபது வயதுக்காரர் ஒருவர் மூக்கு சொறியக்கூட ஒரு அடி பின்னால் போய்த்தான் சொறிந்தார். அரசியல் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. தோட்டா விலை ஏறியதைப் பற்றியும், பிரிஸ்கெட் என்கிற மாட்டிறைச்சி எத்தனை மணி நேரம் வேக வேண்டும் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா மகன் சட்டைக் காலருக்குள் சுட்ட தோட்டாவின் சூடான பித்தளைக் கூடு ஒன்று விழுந்து அவன் குதித்ததுதான் அன்றைய பெரிய சம்பவம்.

ஆகவே மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக் கருப்புப் புள்ளியைப் பார்க்கும் அந்த நிமிடத்தில் ஆபீஸ் மறந்துபோகிறது என்றால் எனக்குப் புரிகிறது. கேரம் போர்டில் சிவப்புக் காயைக் குறிவைத்தவர்களுக்கு எல்லாம் புரியும். நீங்கள் இருக்கும் நாட்டில் இது அபூர்வமும் இல்லை. பியூ ஆய்வு மையம் 2023-ல் கேட்டபோது, பெரியவர்களில் 32 சதவீதம் பேர் தங்களிடம் சொந்தமாகத் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் எத்தனையோ வீடுகளில் இருக்கும். பாட்லக்கில் வாய் திறந்தவர் நீங்கள் மட்டும்.

ஆனால் தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமைக்காரர் விளையாட்டு ரைஃபிளைப் பெட்டகத்தில் பூட்டிவைக்கிறார். இன்னொருவர் தோட்டா போட்ட பிஸ்டலை, பூட்டில்லாத இழுப்பறையில், கண்ணாடிக் கூடுக்கும் அமிர்தாஞ்சனுக்கும் நடுவே போட்டுவைத்துத் தூங்குகிறார். ரேஞ்சில் யாராவது இப்படிச் செய்தால் மேற்பார்வையாளர் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்.

"பிள்ளைகளுக்குத் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். தீபாவளிக்கு அதிரசத் தூக்கை எந்தப் பரணில் ஒளித்தாலும் உங்களுக்குத் தெரியாமல் இருந்ததா? எட்டு வயதுக்குக் கை துறுதுறுப்பு. எனக்கு அதைவிடக் கவலை பதினைந்து வயதைப் பற்றி. அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கும் மேல் தற்கொலை. திருடனும் கொள்ளைக்காரனும் வந்த கணக்கு இல்லை இது. மதிப்பெண் குறைந்தது, யாரோ திட்டினார்கள், காதல் முறிந்தது என்று ஒரு கெட்ட அரைமணி நேரம். அந்த அரைமணியில் இழுப்பறை திறந்திருந்தது. உங்கள் மகன் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பான். அந்த வயதில் நல்ல பிள்ளைக்கும் கெட்ட அரைமணி வரும்.

சட்டமும் இதில் உங்களைச் சும்மா விடாது. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் 21 வயது ஆனவர்கள் பெரும்பாலோர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம் என்று ஆகியிருக்கிறது. அதே டெக்சாஸில், சுடத் தயாரான துப்பாக்கியைப் பூட்டாமல் அலட்சியமாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை கைக்குப் போனால் வைத்தவர் மேல் வழக்கு. ஊர் தாராளம் என்று பேசுகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

பாதுகாப்புக்கு வேண்டும் என்கிறீர்கள். அதைக் கேலி செய்ய மாட்டேன், பயம் அவரவர் வீட்டு விஷயம். அப்படியானால் படுக்கையருகே, எண் அமுக்கினாலோ விரல் வைத்தாலோ சட்டென்று திறக்கும் சின்ன இரும்புப் பெட்டி ஒன்றைக் கட்டிலோடு திருகிப் பொருத்துங்கள். அதுவரை பிஸ்டலும் பெட்டகத்துக்குள் போகட்டும், இன்று ராத்திரியே. வாங்கும்போது கடைக்காரர் ஒரு பூட்டு கொடுத்திருப்பார், கைத்துப்பாக்கிக்கு அதைக் கொடுப்பது அங்கே கட்டாயம். அட்டைப் பெட்டியோடு கராஜில் கிடக்கும், தேடுங்கள்.

மகளின் தோழியின் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவர் பிள்ளையை அனுப்பாததில் தப்பே இல்லை. வாட்ஸ்அப்பில் பட்டம் சூட்டியது அவர்தானா வேறு யாருமா தெரியாது, யார் செய்திருந்தாலும் அது அற்பத்தனம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிஸ்டலைப் பூட்டிய பிறகு போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம், போன். "எங்கள் வீட்டில் இரண்டு துப்பாக்கி இருக்கிறது. இரண்டும் பூட்டில், தோட்டா தனிப் பூட்டில். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் காபிக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை என்று 1791-ல் வந்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தை அவரிடம் அவிழ்க்காதீர்கள். பூட்டாமல் போன் செய்தால் அவர் கேட்கிற முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

அப்பா அம்மாவிடம் மறைக்கலாமா? ஆறு மாதம் தங்கப்போகிற அம்மாவிடமா? வந்த மூன்றாம் நாள் அலமாரியெல்லாம் ஒழித்து அடுக்கிவிடுவார். அந்த இரும்புப் பெட்டி என்னடா என்று கேட்பார், நீங்கள் நகை என்பீர்கள், அப்புறம் மருமகளின் நகையைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பும். வேண்டாம். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்பாவை ரேஞ்சுக்குக் கூட்டிப்போகும் ஆசையில்தான் ஒரு முள் இருக்கிறது. நான் ஹூஸ்டனில் தொடாததற்கும் அதுதான் காரணம். விசிட்டர் விசா, எச்-1பி, மாணவர் விசா என்று குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசுச் சட்டம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து நாலு ரவுண்டு சுடுவதும் அதில் வரும். விதிவிலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது அதில் ஒன்று, அதனால்தான் காட்டுப் பக்கமே போகாத நம் பையன்கள் சிலர் வேட்டை லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு வக்கீலைக் கேட்காமல் அப்பா கையில் கொடுக்காதீர்கள். என்.சி.சி. கதையை அவர் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லட்டும், காதில் மூடியோடு. இன்னொன்றும் கவனியுங்கள். பகலில் நீங்கள் எல்லோரும் வெளியே போனால் வீட்டில் இருக்கப்போவது அவர்கள் இருவரும்தான். பெட்டகத்தின் எண் அப்பாவுக்குத் தெரியக் கூடாது. "அவசரத்துக்கு அப்பாவிடம் சொல்லிவைத்தேன்" என்பது அவரை நீங்களே சிக்கலில் மாட்டிவிடுவது.

ரேஞ்சிலிருந்து வந்ததும் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. அப்படியே சோபாவில் உட்கார்ந்து மகளைத் தூக்கிக் கொஞ்சுகிறீர்களா? தோட்டாவிலும் அதை வெடிக்கவைக்கும் மருந்திலும் ஈயம் உண்டு. அந்தத் தூள் கையிலும் சட்டையிலும் ஷூவிலும் ஒட்டி வரும், சின்னப் பிள்ளைகளின் மூளைக்கு ஆகாது. ஷூவை வாசலில் கழற்றி, துணியைத் தனியாகத் துவைக்கப் போட்டு, குளித்துவிட்டு உள்ளே வாருங்கள். அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டாம். சாவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி என்று ஒரு வார்த்தை சொன்னால், கொல்லைப்புறக் குழாயடியிலேயே வாளியோடு நிற்பார்.

மனைவியைக் கடைசியில் வைத்ததற்கு மன்னியுங்கள், நீங்களும் கடிதத்தில் ஒரே வரியில்தான் வைத்திருந்தீர்கள். "சண்டை போடத் தெம்பில்லை" என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தோட்டாவுக்கு ஒரு தனிப் பெட்டி வாங்கியிருக்கிறேன், எண் உனக்கு மட்டும் தெரிந்தால் போதும், எனக்கு வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். சனிக்கிழமை காலை நீங்கள் போய்க் கேட்க வேண்டும், அவர் எடுத்துத் தர வேண்டும். மீந்ததைக் கொண்டுவந்து அவரிடம் எண்ணிக் கொடுக்க வேண்டும். "அப்புறம் பாதுகாப்பு எப்படி?" என்று நீங்கள் கேட்கலாம். அதை அவரிடம் கேளுங்கள், அந்த வீட்டில் அவரும்தானே தூங்குகிறார். அவர் "இழவு, எனக்கு எதுக்கு அந்த எண்ணு, ரெண்டையும் வித்துடு" என்றாலும் சரி, முதல் தடவையாக அவர் மனதில் இருப்பது வெளியே வந்திருக்கும். அதற்கப்புறம் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

ஒரு சின்ன விஷயம், அம்மா அப்பா ஊர் திரும்பும்போது. ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை, நல்ல கெட்டிப் பை, பாதாம் வைக்க வசதி என்று அவர்களிடம் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மறந்துபோன ஒற்றைத் தோட்டாவோடு நம் விமான நிலையங்களில் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். பையில் இருப்பதே தெரியாது என்று நிரூபித்து நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யவைத்தவர்கள் உண்டுதான். அதற்குள் விமானம் போயிருக்கும், அப்பா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். .22 தோட்டா ஓர் அங்குல நீளம்தான் இருக்கும், பையின் அடித் தையலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஊர்ப் பயணத்துக்குக் கடையில் வேறு புதுப் பை வாங்குங்கள்.