நிலுவைப் பட்டியல்

அன்புள்ள ஐயா,

1871-ல் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரேயில் தொடங்கிய அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் சங்கத்தின் வரலாற்றைப் படித்துவருகிறேன். 1930-களின் பெருமந்தத்தை அது எப்படித் தாண்டியது? சந்தா கட்டாதவர்களை நீக்கியிருந்தால் செலவு குறைந்திருக்குமே? முன்னாள் தலைவர் ஹூவரே அப்போது நாட்டின் அதிபர், கைகொடுத்திருக்கலாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஹூவர் 1920-ல் சங்கத் தலைவராக இருந்தார், சரி. அதை வைத்து 1932-ன் வாடகையைக் கட்ட முடியாது. விடுங்கள்.

‘நீக்கியிருந்தால்’ என்ற சொல்தான் உறுத்துகிறது. எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! 1929-ல் ராத்தல் 18 சென்ட் விற்ற செம்பு 1932-ல் 6 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. சுரங்கம் மூடினால் அங்குள்ள பொறியாளர் அத்தனை பேரும் ஒரே மாதத்தில் வேலை இழக்கிறார்கள். அவர்களா ஏய்ப்பவர்கள்?

கணக்காகவே பாருங்கள். வாடகை, எழுத்தர் சம்பளம், நூலகம் எல்லாம் உறுப்பினர் பாதியானாலும் அப்படியே நிற்கும். ஒருவரை நீக்கினால் மிஞ்சுவது இதழின் காகிதச் செலவும் தபால் செலவும்தான். அவருக்கு இதழ் அனுப்புவதை நிறுத்தினாலே அது மிஞ்சிவிடும். பெயரை விட்டுவைத்து நிலுவையைப் பேரேட்டில் எழுதுங்கள். வேலை கிடைத்ததும் தவணையில் வாங்கலாம். பெயரை அடித்துவிட்டால் அவர் மறுபடி விண்ணப்பம், பரிந்துரை, நுழைவுக் கட்டணம் என்று வரவேண்டும். மனம் கசந்தவர் வரமாட்டார்.

சங்கங்களை உண்மையில் சாய்ப்பது ஆயுள் சந்தா, அதாவது ஒரே முறை கட்டிவிட்டு ஆயுள் முழுக்க உறுப்பினராக இருப்பது. பணமுடை வந்ததும் தள்ளுபடியில் அதை விற்று, அந்த மாதச் சம்பளம் கொடுப்பார்கள். ஆண்டுச் சந்தா 10 டாலர், ஆயுள் சந்தா 150 என்று வைத்துக்கொள்வோம். அசலைத் தொடாமல் 4 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 6 டாலர்தான் வரும். 10 வரவேண்டுமானால் 250 வாங்கியிருக்க வேண்டும். அசலையும் தின்றுவிட்டால் அந்த 6-ம் இல்லை, இதழை மட்டும் 30 ஆண்டு அனுப்பவேண்டும். வைப்பு நிதியைச் சுரங்கப் பங்குகளில் போடுவது இதைவிட மோசம். சந்தா வற்றும் அதே ஆண்டில் பங்கும் விழும்.

உங்கள் முதல் கேள்விக்கு என் ஊகம்: தங்கம். 1934 ஜனவரியில் அவுன்ஸ் 20.67 டாலரிலிருந்து 35 ஆனது. செம்புச் சுரங்கங்கள் முடங்கிக் கிடந்தபோது தங்கச் சுரங்கங்கள் ஆள் தேடின. உலோகவியலாளர், பெட்ரோலியப் பொறியாளர் என்று பல தொழிலினரும் சங்கத்தில் இருந்ததால், எல்லோர் கையும் ஒரே சமயத்தில் காலியாகவில்லை.

அந்தக் கால ஆண்டறிக்கைகள் கிடைத்தால் தலைவர் உரையைத் தாண்டிப் போங்கள். பொருளாளர் கணக்கில் நிலுவை வரியையும் ஆயுள் சந்தா நிதியையும் ஆண்டுவாரியாகக் குறித்து எனக்கு எழுதுங்கள்.