தங்கைக்கு அண்ணனின் மஜ்ஜை: காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. பீட்டா தலசீமியா மேஜர்; உடலில் போதிய ரத்தம் ஊறாத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். அவளுடைய 9 வயது அண்ணனின் எச்.எல்.ஏ. (திசு வகை) முழுமையாகப் பொருந்துகிறது. ஆனால் அவனுக்கும் தலசீமியா மைனர் (நோயாக வெளிப்படாமல் மரபணுவை மட்டும் சுமக்கும் நிலை) இருக்கிறது. "பெண்ணுக்குத் தெம்பு வரட்டும்; பையனின் எலும்பில் கை வைக்காதே" என்கிறார் மாமியார். மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குச் சில ஆண்டுகள் பொறுக்கலாமா?
- ஒரு தாய், கிருஷ்ணகிரி

பதில்: பொறுக்க வேண்டாம் அம்மா. இந்த நோயில் வயது ஏற ஏறத் தெம்பு கூடுவதில்லை, இரும்புதான் கூடுகிறது. ஒவ்வொரு ரத்தப் பையிலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. உடல் தானாகக் கழிப்பதோ நாளொன்றுக்கு 1, 2 மில்லிகிராம்தான். மீதி கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது.

இதன் விளைவை மாற்று சிகிச்சையோடு பொருத்திக் காட்டியவர் இத்தாலிய மருத்துவர் குய்டோ லூக்கரெல்லி. பெசாரோ என்ற சிறு நகரத்தில் 1981 முதல் நூற்றுக்கணக்கான தலசீமியா குழந்தைகளுக்கு மஜ்ஜை மாற்றிய அவர், மூன்று கேள்விகளை முன்வைத்தார். கல்லீரல் விலாவுக்குக் கீழே 2 செ.மீ.க்கு மேல் இறங்கியிருக்கிறதா? அதில் தழும்பு விழுந்திருக்கிறதா? இரும்பு நீக்கும் மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா? இவற்றில் எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளே மிக நன்றாகத் தேறினார்கள்.

நம் பக்கத்து அனுபவமும் இதையே சொல்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மாம்மன் சாண்டி குழுவினர் 1986இல் மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கியதே ஒரு தலசீமியா குழந்தைக்காகத்தான். லூக்கரெல்லி சொன்ன மூன்று குறைகளும் உள்ள 'மூன்றாம் வகுப்பு' நோயாளிகளிலும், 7 வயதைக் கடந்து கல்லீரல் 5 செ.மீ.க்கு மேல் வீங்கியவர்களுக்கே ஆபத்து மிக அதிகம் என்று அந்த மருத்துவமனை பின்னர் பிரித்துக் காட்டியது. பழைய மஜ்ஜையை அழிக்கும் ட்ரியோசல்ஃபான் மருந்து வந்தபின் அவர்களின் நிலையும் மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் உங்கள் மகளை அந்த இடத்துக்குப் போகவிடுவானேன்?

மகனைப் பற்றிய பயம் இயல்புதான். ஆனால் அவனது எலும்பை யாரும் வெட்டுவதில்லை. மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்புறத்தில் ஊசி செலுத்தி மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். சில நாள் வலி இருக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். அவனுக்குத் தலசீமியா மைனர் இருப்பது தடையல்ல. மகளின் ரத்தமும் அவனுடையதைப் போலத் தலசீமியா மைனர் நிலைக்கு வரும். ரத்தம் ஏற்றும் தேவை நிற்கும். என்ன நடக்கப்போகிறது என்பதை அவனுக்குப் புரியும்படி முன்கூட்டியே சொல்லுங்கள். இதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நல்ல நிலையில், பொருந்திய உடன்பிறப்பிடமிருந்து பெறும் குழந்தைகளில் 10இல் ஏறக்குறைய 9 பேர் பிழைத்து நோயிலிருந்து விடுபடுகிறார்கள். மற்றவர்களுக்குத் தொற்று, புதிய மஜ்ஜையை உடல் ஏற்காமை, அந்த மஜ்ஜையே உடலைத் தாக்குவது ஆகியவற்றால் பாதிப்பு வருகிறது; உயிரிழப்பும் நேர்கிறது. பழைய மஜ்ஜையை அழிக்கும் மருந்துகள் கருத்தரிக்கும் திறனையும் பாதிக்கலாம். சூலகத் திசுவைச் சேமிக்க வழி உண்டா என்று சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள்.

அதுவரை இரும்பு நீக்கும் மருந்து ஒரு நாளும் தவறக் கூடாது. அது டெஃபெராசிராக்ஸ் என்ற கரையும் மாத்திரை என்றால் வெறும் வயிற்றில் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, டம்ளரின் அடியில் தங்கியதையும் கொஞ்சம் நீர் ஊற்றிக் குடிக்க வையுங்கள். அங்கே மருந்து தங்கி வீணாகலாம். வெள்ளணுக்களை வடிகட்டிய ரத்தத்தையே கேளுங்கள். பாசத்தில் சித்தப்பாவோ மாமாவோ ரத்தம் கொடுக்க முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். உறவினர் ரத்தம் ஏற்றினால் உடல் அந்த அணுக்களுக்கு எதிராகப் பழகி, பின்னர் அண்ணனின் மஜ்ஜையையே தள்ளிவிடக் கூடும்.

செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பற்றி விசாரியுங்கள். வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை வழியாக, கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா திட்டம் 10 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. மஜ்ஜை மாற்றியபின் முதல் 100 நாள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டும். அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று. மாற்று சிகிச்சை ரத்தத்தை மாற்றுமே தவிர, கருமுட்டையில் உள்ள மரபணுவை மாற்றாது. மகளுக்கு வரன் பார்க்கும் நாளில் மாப்பிள்ளைக்குத் தலசீமியா மைனர் இல்லை என்பதை எச்.பி.ஏ.2 என்ற ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ள வேண்டும். உங்கள் மகனுக்குப் பெண் பார்க்கும்போதும் அப்படியே.