நாற்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள், அக்காவைப் பேசவிடுங்கள்

கேள்வி: 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்து கேரளத்தில் குளத்துப்புழை ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அக்கா மட்டும் கட்டிக்கொடுத்த இடத்தில், மட்டக்களப்புப் பக்கம் தங்கிவிட்டார். 1990-ல் அவர்கள் இருந்த அகதி முகாமுக்குள் ராணுவம் வந்து, அக்கா கண்முன்னே அத்தானை அடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. ஆள் திரும்பவே இல்லை. அக்கா படகில் வந்து சேர்ந்து இப்போது எங்களோடு இருக்கிறார், வயது 71. அன்றைக்கு முன்னால் நின்ற அதிகாரி லண்டனில் இருப்பதாக என் மகன் போனில் படம் காட்டினான். ஆள் கிழவனாகிவிட்டார். செங்கோட்டையில் ஒருவர் ஹேக் கோர்ட்டில் வழக்குப் போட்டு நஷ்டஈடும் வாங்கித் தருவதாகச் சொல்லி 40,000 ரூபாயும் அசல் பேப்பர்களும் கேட்கிறார். கொடுக்கலாமா? இத்தனை வருஷம் கழித்து வழக்கு நிற்குமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணத்தையும் கொடுக்காதீர்கள், பேப்பரையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே பேப்பர் போயிருந்தால், இதைப் படித்து முடித்ததும் பஸ் ஏறிப் போய்த் திரும்ப வாங்கி வாருங்கள்.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் நீங்களோ நானோ வக்காலத்துப் போட்டு வழக்குத் தொடர முடியாது. வழக்கை நடத்துவது அங்குள்ள அரசுத்தரப்பு வழக்கறிஞர். அந்த நீதிமன்றத்தின் அதிகாரமே 2002 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த குற்றங்களுக்குத்தான். இலங்கை அதில் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. 1990-ல் நடந்ததை அங்கே கொண்டுபோக வழியே கிடையாது. அங்கே கட்டணம் என்று ஒரு ரூபாயும் கிடையாது. அப்படியானால் உங்கள் 40,000 எதற்கு? போன வருஷம் இதே மாதிரி ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்தது. நூறு ரூபாய் முத்திரைத்தாள், நோட்டரி சீல், மேலே சிவப்பு மையில் 'ஹேக்'. அந்த அம்மாவின் கணவரது இலங்கை அடையாள அட்டையின் அசல் அதிலேயே ஸ்டேப்ளர் ஊசியால் குத்தப்பட்டிருந்தது, ஊசி முகத்தின் மேலேயே இறங்கியிருந்தது. உலகத்தில் அந்த மனிதருடைய ஒரே படம் அது.

2025 மார்ச்சில் பிரிட்டன் இலங்கைக்காரர் நான்கு பேர் மீது தடை விதித்த செய்தியை வெட்டி வைத்துக்கொண்டு சிலர் வீடு வீடாக வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். தடை என்பது பயணத்தையும் சொத்தையும் முடக்குவது. அது தண்டனை ஆகாது, அதிலிருந்து உங்களுக்கு நஷ்டஈடும் வராது.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். வழக்கு நிற்குமா? வாசல் ஒன்று இருக்கிறது. அது உங்கள் அக்கா நினைக்கிற இடத்தில் இல்லை.

அக்காவைப் பொறுத்தவரை குற்றம் அத்தானைக் கொண்டுபோய்க் கொன்றது. அடித்தது அதற்கு முன்னால் நடந்த சின்ன விஷயம். பிரிட்டிஷ் சட்டம் இதைத் தலைகீழாகப் பார்க்கிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வெளிநாட்டில் செய்த கொலையை அங்கே விசாரிப்பது பெரும்பாடு. ஆனால் அரசு அதிகாரி ஒருவர் பதவியின் பேரில் செய்த சித்திரவதையை, அவர் எந்த நாட்டவரானாலும், உலகத்தில் எங்கே செய்திருந்தாலும் விசாரிக்கலாம். அந்தச் சட்டம் 1988 செப்டம்பர் 29-ல் அமலுக்கு வந்தது. உங்கள் சம்பவம் 1990, அதனால் உள்ளே வருகிறது. இதுவே 83 கலவரத்தில் நடந்திருந்தால் அந்தக் கதவும் மூடியிருக்கும். ஆகவே முகாம் முற்றத்தில் யார் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள், எவ்வளவு நேரம், அந்த அதிகாரி வாயால் உத்தரவு கொடுத்தாரா, கையைக் காட்டினாரா, சும்மா நின்று பார்த்தாரா என்பதுதான் வழக்கு. அக்கா ஒரு வரியில் தாண்டிப் போகிற அந்தப் பத்து நிமிஷம்தான் வழக்கு.

இப்படி நடந்திருக்கிறது. ஆப்கானிஸ்தானில் ஆயுதக்குழு ஒன்றை நடத்திய சர்தாத் என்பவர் லண்டனுக்கு வந்து குடியிருந்தார். 2005-ல் லண்டன் நீதிமன்றம் இதே சட்டத்தில் அவருக்கு 20 ஆண்டு கொடுத்தது. சாட்சிகள் காபூலில் இருந்தபடியே வீடியோவில் பேசினார்கள். அக்காவை லண்டனுக்குக் கூட்டிப்போக விசா எடுத்துத் தருகிறேன் என்று எவராவது வந்தால் அதையும் நம்பாதீர்கள்.

கிழவனாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். வயது யாரையும் காப்பாற்றாது. ஜெர்மனியில் நாஜி முகாமில் சுருக்கெழுத்தாளராக இருந்த இர்ம்கார்டு ஃபுர்ஷ்னரை 2022-ல் 97 வயதில் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். விசாரணை தொடங்கும் நாளன்று அந்தப் பாட்டி முதியோர் இல்லத்திலிருந்து டாக்சி பிடித்து ஓடிவிட்டார். சில மணி நேரத்தில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். தண்டனை இரண்டு வருஷம்தான், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகளுக்குத் துணைபோனவர் என்று தீர்ப்பில் எழுதினார்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். புத்தி தடுமாறியவரை விசாரிக்க முடியாது. ருவாண்டா இனப்படுகொலைக்குப் பணம் கொடுத்தவர் என்று குற்றம் சாட்டப்பட்ட ஃபெலிசியன் கபுகா 26 வருஷம் ஒளிந்திருந்து 2020-ல் பாரிஸ் பக்கத்தில் பிடிபட்டார். 2022-ல் விசாரணை தொடங்கியது. மறதி நோய் முற்றிவிட்டது, கேள்வி புரியவில்லை என்று 2023-ல் நிறுத்திவிட்டார்கள். கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியில் அமைச்சராக இருந்த இயெங் திரித் விஷயத்திலும் இதுவே நடந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வருவதும், காது கேட்காததும், நெஞ்சுவலியும் விலக்கு ஆகாது. விசாரணை நேரத்தைக் குறைப்பார்கள், டாக்டரைப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான். தன்மேல் என்ன குற்றம் என்று புரியாத நிலை வந்தால் மட்டும் வழக்கு நின்றுவிடும். அந்த நிலை வருவதற்குள் போலீஸ் போய்ச் சேர வேண்டும். இங்கே ஆறு மாதம் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு அலுவலகமும் அவருக்கு உதவி செய்கிறது என்றே நான் சொல்வேன்.

இந்தியாவில் போட முடியாதா என்று கேட்பீர்கள். 1960-லேயே போர்க்குற்றங்களுக்காக ஜெனீவா உடன்படிக்கைச் சட்டம் என்று ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறோம். அரசே புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் கையில் எடுக்கும். ஒரு விதவை கொடுக்கும் புகாருக்கு அதில் இடம் இல்லை. இலங்கையில் கொலைக்குக் காலவரம்பு கிடையாது, மற்ற குற்றங்கள் பெரும்பாலும் 20 வருஷத்தில் முடிந்துபோகும். 1994-லிருந்து அங்கே கமிஷன் மேல் கமிஷன் வைத்தார்கள். 2018-ல் காணாமல்போனோருக்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார்கள். அதே பெண்கள் அதே படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து அதே கதையைச் சொன்னார்கள். எழுதிக்கொண்டவர்கள் மாறினார்கள், வேறொன்றும் மாறவில்லை.

கேரளத்தில் இருப்பதால் உங்களுக்கு வயநாட்டு நக்சலைட் தலைவர் வர்கீஸ் கதை தெரிந்திருக்கும். 1970 பிப்ரவரி 18-ல் திருநெல்லிக் காட்டில் மோதலில் செத்தார் என்று போலீஸ் சொன்னது. 1998-ல் ராமச்சந்திரன் நாயர் என்ற பழைய கான்ஸ்டபிள், மேலதிகாரி மிரட்டி உத்தரவு போட்டதால் நானே சுட்டேன் என்று சொன்னார். வழக்கு முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். 2010-ல் முன்னாள் ஐ.ஜி. லட்சுமணாவுக்கு, எழுபதைத் தாண்டிய வயதில், ஆயுள் தண்டனை விழுந்தது. நாற்பது வருஷம் அசையாத வழக்கை அசைத்தது, தானே அங்கே இருந்த ஒருவருடைய பேச்சு. உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அக்காவிடம் இருக்கிறது.

அதனால் அந்தப் பேச்சைக் கெடுக்காதீர்கள். உங்கள் மகன் நல்ல எண்ணத்தில்தான் செய்தான். ஆனால் ஒரே ஒரு படத்தைக் காட்டி 'இந்த ஆள்தானே?' என்று கேட்டதை எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். இனி அந்தப் படத்தை அக்காவிடம் காட்ட வேண்டாம். எந்தத் தேதியில், யார், எப்படிக் காட்டினார்கள், அக்கா முதலில் என்ன சொன்னார் என்பதை உள்ளபடி எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் குழுவிலோ யூடியூபிலோ அதைப் போடவே கூடாது. அந்த அதிகாரி உஷாராகிக் கொழும்புக்கு விமானம் ஏறிவிட்டால் லண்டன் போலீசால் ஒன்றும் செய்ய முடியாது.

பத்திரம் எழுதுகிறவரிடம் போய் மலையாளத்தில் எழுதி வாங்காதீர்கள். என்னிடம் வந்த மூன்று பெண்களின் வாக்குமூலங்களில் 'கொடூரமான முறையில் தாக்கப்பட்டு' என்ற ஒரே வாசகம் மூன்றிலும் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் ஒரே ஏஜெண்ட். மூன்று பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள், ஆனால் மூன்றையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எழுதுவது அக்காவின் பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். அவர் கண்ணால் கண்டது ஒரு தாளில், மற்றவர் சொல்லிக் கேட்டது வேறு தாளில். பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்க வேண்டாம். அழுதால் நிறுத்துங்கள், மறுநாள் தொடருங்கள். அத்தானின் அடையாள அட்டை, கல்யாணப் படம், மண்டபம் முகாமில் பதிந்த சீட்டு, செஞ்சிலுவைக்கு எழுதியிருந்தால் அந்தக் கடிதம், எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து அசலைப் பெட்டியில் வையுங்கள். பிறகு இரண்டு இடத்துக்கு அனுப்பலாம். ஒன்று, லண்டன் மாநகரப் போலீசின் போர்க்குற்றப் பிரிவு. இன்னொன்று, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2021-ல் ஏற்பட்ட தீர்மானத்தின்படி நடத்தும் இலங்கை பொறுப்புக்கூறல் திட்டம். இந்த மாதிரி நாளைக்கு வரக்கூடிய வழக்குகளுக்காகவே அங்கே சாட்சியங்களைத் திரட்டி வைக்கிறார்கள். இரண்டுக்கும் பணம் கிடையாது. லண்டனில் வழக்குப் போட அந்நாட்டு அட்டர்னி ஜெனரலின் அனுமதி வேண்டும், அதற்கு வருஷக்கணக்கில் ஆகலாம். அதை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லாரி என்ன நிறம் என்று கேட்டு அவருக்கு ஞாபகம் இல்லையென்றால், 'ஞாபகம் இல்லை' என்றே எழுதுங்கள்.