தண்ணீர் எத்தனை நாளாக ஓடுகிறது? ஆங்கிலம் கேள்வி – பதில்

கே: மூன்று வருஷமாக ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வேறு வேலைக்கான விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதினேன். தப்பு என்கிறார்கள். எங்கே தப்பு?
– வாசகி, மன்னார்குடி

ப: இரண்டு இடத்தில். ‘மூன்று வருஷமாக எழுதுகிறேன்’ என்று சொல்லத் தமிழில் நிகழ்காலமே போதும். ஆங்கிலத்தில், முன்பே தொடங்கி இன்னும் நடக்கிற வேலைக்கு ‘ஹேவ் பீன் ஒர்க்கிங்’ வேண்டும்.

அடுத்தது ‘சின்ஸ்’. தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். ‘எப்போதிலிருந்து?’ என்பதற்குப் பதில் என்றால் சின்ஸ், ‘எவ்வளவு நாளாக?’ என்பதற்குப் பதில் என்றால் ஃபார். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால், ஜூலை 2 அன்று ‘தி வாட்டர் ஹேஸ் பீன் ஃப்ளோயிங் சின்ஸ் ஜூன் 12’ என்றும் சொல்லலாம், ‘ஃபார் ட்வென்டி டேஸ்’ என்றும் சொல்லலாம். ‘சின்ஸ் ட்வென்டி டேஸ்’ மட்டும் கூடாது. இருபது நாள் என்பது கால அளவு. தொடங்கிய நாள் அல்ல.

ஆக, உங்கள் வாக்கியம்: ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.’ வேலையை விட்டுவிட்டவர்கள் இப்படி எழுதக் கூடாது. இன்னும் அங்கேயே இருப்பதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார். அவர்கள் ‘ஐ ஒர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று எழுத வேண்டும். விண்ணப்பத்தில் முதலில் சரிபார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கே: ‘எ எம்.எல்.ஏ.’வா, ‘ஆன் எம்.எல்.ஏ.’வா?
– வாசகர், கும்பகோணம்

ப: ஆன் எம்.எல்.ஏ. எழுத்தைப் பார்க்காதீர்கள், வாயில் வரும் முதல் ஒலியைக் கேளுங்கள். ‘எம்’ உயிரொலியில் தொடங்குகிறது. ‘ஓர் ஊர்’, ‘ஒரு வயல்’ என்று நாம் எழுதும் அதே கணக்குதான். ஆன் எம்.ஏ., ஆனால் எ பி.ஏ. ‘யுனிவர்சிட்டி’ யகரத்தில் தொடங்குவதால் எ யுனிவர்சிட்டி.

கே: நெல், அரிசி, சோறு மூன்றுக்கும் ‘ரைஸ்’தானா?
– வாசகர், வலங்கைமான்

ப: அரிசிக்கும் சோற்றுக்கும் ரைஸ். சோறு என்று பிரித்துக் காட்ட ‘குக்ட் ரைஸ்’. உமியோடு இருக்கும் நெல் ‘பேடி’. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு ‘ஐ சோல்ட் ரைஸ்’ என்றால், அரைத்து அரிசியாக விற்றதாகிவிடும். பத்து மூட்டை நெல் ‘டென் பேக்ஸ் ஆஃப் பேடி’. ‘டென் பேடீஸ்’ என்று எழுதினால் பத்து வயல் என்று பொருள்.

கே: ஆற்றின் பெயருக்கு முன் ‘தி’ உண்டா?
– வாசகி, சீர்காழி

ப: உண்டு. தி காவேரி, தி வெண்ணாறு. ஊர்ப் பெயருக்குக் கிடையாது. உங்கள் பக்கத்திலேயே பாருங்கள்: ‘தி கொள்ளிடம்’ என்றால் ஆறு, வெறும் ‘கொள்ளிடம்’ என்றால் ஊர்.