வேலூர் வெயிலில் இருந்து ஐஸ் ஹாக்கி

கேள்வி: கனடாவில் இருக்கும் என் அண்ணன் மகன், டிசம்பரில் ஜூனியர் ஐஸ் ஹாக்கி உலகப் போட்டி வருது, பாருங்க அத்தை என்கிறான். வேலூர் வெயிலிலேயே வளர்ந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, காட்பாடி

பதில்: அவசியம் பாருங்கம்மா. 20 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடும் போட்டி, 10 நாடுகள். வருடா வருடம் டிசம்பர் 26 வாக்கில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை நடக்கும், இந்த முறை கனடாவின் எட்மன்டனிலும் ரெட் டியரிலும். அங்கே இரவு ஏழு மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஏழரை, இட்லித் தட்டோடு உட்கார்ந்துவிடலாம்.

பந்தைத் தேடாதீர்கள். 'பக்' என்கிற கறுப்பு ரப்பர் வட்டுதான், ஏறக்குறைய 165 கிராம், துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன்பே அதை உறைய வைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஓரத்து பெஞ்சைப் பாருங்கள்: ஒருவர் முக்கால் நிமிடம் போல முழு மூச்சாகச் சறுக்கிவிட்டுத் தடுப்புக்குள் திரும்புவார், ஆட்டம் நிற்காமலேயே அடுத்தவர் அதைத் தாண்டிக் குதித்து இறங்குவார், எனக்கு கோலைவிட அதுதான் பிடிக்கும். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி, அவ்வளவுதான்.

2022, 2023-ல் ஜெயித்த கனடாவை அடுத்த இரண்டு வருடமும் அமெரிக்கா பின்னுக்குத் தள்ளியது, அதனால் சொந்த மண்ணில் பையன்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நம் லடாக் பெண்களும் இந்த ஆட்டத்தில் கில்லாடிகள். 2025 ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது, மருமகனிடம் அதையும் சொல்லுங்கள்.